பன்னிரண்டாம் புள்ளி

இரவு இரண்டே முக்கால்.
பெர்கனுக்கு மேற்கே, நிலம் கண்ணுக்கெட்டாத தூரத்தில்
எட்டு இரும்புக் கால்களில் நிற்கிறது எண்ணெய் மேடை.
பெரிய அலை மோதும்போதெல்லாம்
தூருனின் காப்பிக் கோப்பையில்
மெல்லிய வட்டமொன்று தோன்றி மறைகிறது.

எதிரே திரை. திரையில் எண்பத்து மூன்று புள்ளிகள்.
அறுபது, அடுக்கடுக்காய் உறங்குபவை.
மீதி இருபத்து மூன்றும்
குளிரில், எண்ணெய் வாடையில், எங்கெங்கோ.

முன்பு சுவரில் ஒரு பலகை இருந்தது.
சங்கு ஊதினால் ஓடிவந்து
அவரவர் அட்டையைத் திருப்பி மாட்ட வேண்டும்.
அவசரத்தில் ஒருவன் அடுத்தவன் அட்டையைத் திருப்ப,
கணக்கு மட்டும் சரியாக இருந்த இரவும் உண்டு.

இப்போது மணிக்கட்டில் ஒரு வில்லை,
சட்டைப் பொத்தான் அளவு.
அது வந்த வாரம் சாப்பாட்டுக் கூடத்தில் சண்டை.
"கக்கூசில் எத்தனை நிமிஷம் என்றும்
எழுதி வைப்பீர்களோ?" என்றார்
கிரேன் ஓட்டும் ஹால்வார்.
ஆஸ்லௌக், தொழிலாளர் பிரதிநிதி,
விடாமல் நின்று ஒரு வரி எழுதி வாங்கினாள்:
பன்னிரண்டு மணி நேரத்தில் எல்லாம் அழிந்துவிட வேண்டும்.
அழிகிறது.
எந்திரத்துக்கு அது முடிகிறது.

தூருனுக்குத் தெரியும்
நாற்பத்தொன்று படிகளை இரண்டிரண்டாய்த் தாண்டும்.
ஒன்பதுக்கும் எழுபதுக்கும் பேச்சு நின்றுபோயிற்று;
எதிர்ப்படாமலிருக்க எழுபது மேல்தளம் சுற்றிப் போகும்.
பன்னிரண்டு, சாரம் கட்டும் ஸ்லாவோமிர்,
தினமும் வடமேற்கு மூலையில் பதினோரு நிமிடம் நிற்பான்.
அங்கே வால்வு இல்லை, வேலை இல்லை.
கம்பியும் கடலும்தான்.
அவள் கேட்டதில்லை.
பார்க்கத்தான் சம்பளம்.

இன்று பன்னிரண்டு நிற்கிறது.
மூலையில் அல்ல,
பம்பு அறைக்கு அடியில்.

ஒரு நிமிடம்.
நிற்கிறவனுக்கும் விழுந்தவனுக்கும்
திரையில் ஒரே புள்ளி.

வாக்கிடாக்கியில் கூப்பிட்டாள்.
இரைச்சல்.
மூன்றாம் நிமிடத்தில்தான் திரை மஞ்சளாகும்,
அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.
அவள் மஞ்சளுக்குக் காத்திருக்கவில்லை.

நம் எழுத்தில் மெய் என்றால் உடம்பு.
அதன் தலையில் ஒரு புள்ளி இருந்தால்
உயிர் இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள்.
தூருனுக்கு இந்த எழுத்து தெரியாது.
அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்,
உதட்டைக் கடித்தபடி.

மூன்று புள்ளிகள் ஓடின.
படி, வளைவு, மறுபடி படி.
"இடப்பக்கம். இல்லை, குழாய்க்குப் பின்னால்.
இன்னும் இரண்டு மீட்டர்."
நான்கும் ஒட்டி ஒரே பொட்டாயின.
பிறகு ஒன்றும் இல்லை.
கோப்பையில் வட்டம்.
இன்னொரு வட்டம்.

"மூச்சு இருக்கிறது. கால் முறிந்திருக்கிறது.
திட்டுகிறான்."
"என்ன சொல்கிறான்?"
"போலிஷ் மொழி. புரியவில்லை,
ஆனால் நல்ல வார்த்தை இல்லை."
சிரிப்பு வந்தது அவளுக்கு,
அதுவரை நின்றுகொண்டிருந்ததே
அப்போதுதான் தெரிந்தது.

ஏழரைக்கு ஹெலிகாப்டர்.
வீங்கிய மணிக்கட்டிலிருந்து
மருத்துவர் பட்டையை வெட்டி எடுத்தார்.
திரையில் பன்னிரண்டு அணைந்தது.
எண்பத்திரண்டு.
புள்ளி நீங்கிய மெய்,
காற்றாடிச் சத்தத்தில், இன்னும் திட்டிக்கொண்டே
கரைக்குப் போனது.

பணி முடிந்து அவள் அறைக்குப் போகவில்லை.

பகல் முறைக்கு வந்த எய்விண்ட்
நாற்காலியைத் தன் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டு
திரையைப் பார்க்கிறான்:
ஐந்தாம் புள்ளி. தூருன்.
வடமேற்கு மூலை. அசைவில்லை.
வாக்கிடாக்கியை எடுக்கிறான்.
பேசும் பொத்தானில் விரல்.
வைத்துவிடுகிறான்.
இன்னும் ஒரு நிமிடம் ஆகட்டும்.