புள்ளிக்குப் பிறகு

சுங்கை மெராந்தியில், செம்பனை சாய்த்த பதினெட்டாம் நிரையில்
இப்போது ஆறு ஏக்கர் தொழிற்சணல்.
வேறு பெயர் சொல்லக் கூடாதென்று
முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.
லைசென்ஸ் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை
பட்டணத்து ஆட்கள்
நாலு நம்பர் கடையில் கட்டிப் பார்த்தார்கள்.
ஆறுதல் பரிசுகூட விழவில்லை.

கேட்டுக்கு இரண்டு பூட்டு.
ஒரு சாவி என்னிடம்,
மற்றது போலீஸ்காரரிடம்.
அவர் ரொட்டி சானாய் தின்று முடித்து வரும்வரை
நாற்பது பேர் முள்கம்பியைப் பார்த்தபடி நிற்போம்.

செடிக்குச் செடி எண் உண்டு.
காற்றில் ஒடிந்த கிளைக்கு ஒரு பாரம், மூன்று நகல்.
உதிர்ந்த இலையை நிறுத்து எழுத வேண்டும்.
பூட்ஸ் அடியில் ஒட்டியதை
வாசலில் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.
நான் கிராணி. எழுதினேன்.

களை பிடுங்க வந்தவள் புஸ்பவதி.
மகன் சத்தியசீலன் பத்து வருடமாய் உள்ளே.
மோட்டார் சீட்டுக்கடியில் செய்தித்தாள் பொட்டலம்,
இருநூற்றுப் பதினொரு கிராம்.
தூக்கு, முப்பது வருடமாய்க் குறைந்தது
போன வருடம்தான்.

ஒருநாள் குனிந்தபடியே கேட்டாள்:
"ஒரு செடி எத்தன கிராமு இருக்கும் கெராணிம்மா?"
புத்தகத்தில் தேடுவதுபோல்
பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
மழை வந்து காப்பாற்றியது.

தைப்பூசத்துக்கு முந்திய வாரம்
ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது.
அனுமதி சுழியம் புள்ளி மூன்று.
இருந்தது சுழியம் புள்ளி மூன்று நான்கு.
வெயில் கூடிப்போச்சு என்றார் மேனேஜர்,
வெயிலுக்கு லைசென்ஸ் எடுக்க மறந்தவர்போல.

மூன்று இலாகா ஆட்கள், இரண்டு கேமரா, டீசல்.
காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிற்கச் சொன்னார்கள்.
எல்லோரும் நகர்ந்தோம்.
புஸ்பவதி மெதுவாக நகர்ந்தாள்,
களைக்கத்தியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டியபடி.
ஆறு ஏக்கரும் எரிய
சாயங்காலம் வரை ஆனது.
யாரும் யாரையும் பிடித்துப் போகவில்லை.

திங்கட்கிழமை கம்பெனிக்கு ஒரு கடிதம்:
வரம்பு மீறியது கவனிக்கப்பட்டது.
அடுத்த பருவத்தில் விதையை மாற்றிக்கொள்ளவும்.
நன்றி.

மத்தியானம் அவள் ஆபீசுக்கு வந்தாள்.
கூலி பாக்கி கேட்பாள் என்று
ரிஜிஸ்டரை எடுத்து வைத்தேன்.
"அந்தக் கடுதாசிய
ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தர்றீங்களா?"

எதற்கென்று நான் கேட்கவில்லை.
மிஷின் சூடாக இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.
நகல் எடுப்பதற்கும் இங்கே ஒரு பாரம் உண்டு.
அதை மட்டும்
நான் நிரப்பவில்லை.