காத்திருப்புக் கட்டணம்

ஆமர் வீதிச் சந்தியில்
பஸ் வந்தது சிவப்பில்.
எங்களுக்குப் பச்சை.
கண்ணாடியில் வழிந்த மழைக்குள்ளால் கண்டேன்,
பச்சை மழை. அவ்வளவுதான்.

பிறகு சாப்பாட்டுப் பெட்டி ரோட்டில் உருண்டது.
மூடி ஒரு பக்கம், கீரைப்புட்டு ஒரு பக்கம்,
நான் எந்தப் பக்கமென்று
யாரோ சிங்களத்தில் கேட்டார்கள்.
லொத்தர் விற்கிறவர் ஒரு சீட்டைக் கிழித்து
பின்னால் பஸ் நம்பரை எழுதி
என் வலக்கைக்குள் திணித்தார்.
காசு வாங்கவில்லை.

விபத்துப் பிரிவில்
தோளைத் தொடாமலே சொன்னார் டொக்டர்: காறை எலும்பு.
எட்டுப் போலக் கட்டுப் போட்டார்கள்.
எட்டுப் போடுவது லைசென்ஸ் எடுக்க அல்லவா என்று
சிரிக்கப் போய்
மூச்சு பாதியில் நின்றது.

வெடித்த திரைக்குள்
சின்ன மஞ்சள் ஓட்டோ
சந்தியிலேயே நிற்கிறது.
துவான் ஃபாரிஸ், நாலு தசம் எட்டு நட்சத்திரம்.
பயணம் நடைபெறுகிறது.
காத்திருப்புக் கட்டணம் அறுநூற்றுப் பத்து.
அறுநூற்றுப் பதினாலு.
முடிக்கும் பொத்தான் அவர் போனில்.
அவர் போன் பொலிஸில்.
அவர் ஆண்கள் வார்டில்,
வலக்காலை இரவல் வாங்கிய கால்போல
உயரத் தூக்கிக் கட்டியபடி.

ஸ்காபரோவிலிருந்து மச்சாள்:
படம் எடுத்தனியா? லோயரோட கதைச்சியா?
ஒண்டிலயும் சைன் வைக்காத.
இங்கயெண்டா...
இங்கயெண்டாவுக்குப் பிறகு வருவதை
நான் எப்போதும் கேட்பதில்லை.

மறுநாள் கட்டில் விளிம்பில் பொலிஸ் கொப்பி.
நான் தமிழில் சொல்ல, அவர் சிங்களத்தில் எழுத,
பத்து வரி சொன்னேன், நாலு வரி ஆனது.
"இங்க சைன் வைங்க, மிஸ்."
மீதி ஆறும் எங்கே?
சிங்களத்தில் மீன் வாங்குவேன், சண்டை பிடிப்பேன்,
வாசிக்க வராது.
இருபத்தாறு வருஷமாய் இந்த ஊரில்
வாசிக்காத தாள்களுக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்:
வீட்டு வாடகைக்கு, வங்கிக்கு,
ஒருமுறை சோதனைச் சாவடியில்
எதற்கென்றே தெரியாமல்.

அன்றைக்கு, ஊசி தந்த தைரியமோ என்னவோ,
வாசிச்சுக் காட்டுங்கோ, பிறகு வைக்கிறன் என்றேன்.

பேனா மூடிக்கொண்டது.
தமிழ் தெரிந்தவர் நாலு மணிக்கு மேல்தானாம்.
நாலு மணி வரைக்கும்
நான் எங்கே போகப் போகிறேன்?

நாலரைக்கு வந்தாள் மட்டக்களப்புப் பெண் ஒருத்தி.
தொப்பியை மடியில் வைத்து
சொல் சொல்லாய் வாசித்தாள்.
"ஓட்டோ சாரதியின் கவனயீனத்தால்..."
நான் சொல்லாத சொல்.
வெட்டச் சொன்னேன்.
வெட்டின இடத்தில் அவளும் நானும் கையெழுத்து.
லொத்தர்ச் சீட்டை நீட்டினேன்;
அதற்குப் பரிசு விழவில்லை,
பஸ் நம்பர் விழுந்தது.
பச்சை என்று எழுதுங்கோ, எங்களுக்குப் பச்சை.
எழுதிவிட்டு விரலால் காட்டினாள்:
கொள. இரண்டே எழுத்து,
ஒன்று நத்தைபோலச் சுருண்டிருந்தது.
சிங்களத்தில் நான் வாசித்த முதல் சொல்.

மூன்றாம் நாள் காலை
ஃபாரிஸின் மனைவி ஜெசீமா வந்தாள்,
நெளிந்த சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு.
லீசிங் இன்னும் பதினேழு மாதம் என்றாள்,
என்னிடமில்லை, ஜன்னலிடம்.
முன் ஃபோர்க், மட்கார்ட், கண்ணாடி:
விலை எனக்கு மனப்பாடம்.
பஞ்சிகாவத்தையில் ஓட்டோச் சாமான் கடையில்
கணக்கு எழுதுகிறவள் நான்.
சொல்லவில்லை. முதலில் பஸ்காரன் கட்டட்டும்.
அதுக்குத்தான் அந்தக் கொப்பி என்றேன்.

அவள் கைப்பையிலிருந்து அவருடைய போனை எடுத்தாள்.
பொலிஸ் தந்துவிட்டதாம்.
"காசு ஏறுதெண்டு ராத்திரி முழுக்கப் புலம்புறார்.
முடிச்சிடவா?"

முடித்தாள்.
பதினோராயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்.
வாயைப் பொத்திக்கொண்டாள் ஜெசீமா.
நான் சிரித்தேன்,
தோள் விட்ட அளவுக்கு.

நீங்கள் சேரவேண்டிய இடம் வந்துவிட்டது
என்றது என் போன்.
கடைக்கு இன்னும் எழுநூறு மீற்றர் இருந்தது.