கூடுதலாக ஒன்று

சுங்கை டுவா வாசலுக்கு எதிரே
ஊய் அங்கிளின் போட்டோஸ்டேட் கடையில்
ஒரு பக்கம் பத்து காசு.
மாணவர் அட்டை காட்டினால் ஐந்து.
என்னிடம் அட்டை இல்லை.
வேலை செய்கிறவளுக்கு இலவசம்.

மேல்முறையீடு அனுப்பி முப்பத்தாறு நாள்.
ஒரு நாளைக்கு மூன்று தடவைதான் பார்ப்பது என்று
அம்மாவின் இடுப்புவலி மாத்திரைபோல
எனக்கு நானே எழுதிக்கொண்டேன்:
காலை, மதியம், இரவு. சாப்பாட்டுக்குப் பின்.
நேற்று பதினேழு.
திறந்தால் அதே வரி,
சீலா சூபா செபெந்தார் லாகி.
அந்த செபெந்தார் எவ்வளவு நீளம் என்று
எந்த மலாய் ஆசிரியையும் சொல்லித்தரவில்லை.

இன்று ஐந்தாவது தடவையோடு
கைப்பேசியை ஸ்டேப்ளர் ஊசி டப்பாவில் போட்டு
மூடிமேல் பசை பாட்டிலைத் தூக்கி வைத்தேன்.
உடனே அதிர்ந்தது.
லோஷினி.
'ஹாஸ்டல் ஃபேன் சுத்தவே மாட்டேங்குதுடி.'
அவளுக்கு மூன்று தசம் எட்டு ஒன்பது,
எனக்கு எட்டு மூன்று.
நடுவில் இருப்பது
ஒரு கேள்வியோ, ஒரு மழைநாள் காய்ச்சலோ,
ஒன்றுமே இல்லையோ.
சிரிப்பு முகம் ஒன்று அனுப்பினேன்.
ஃபேன் சுற்றாத அந்த அறை
இங்கிருந்து பார்க்க எத்தனை குளுகுளுவென்று இருக்கிறது
என்று எழுதி, அழித்தேன்.

அம்மா இப்போதெல்லாம் கேட்பதில்லை.
பாயான் லெப்பாஸ் இரவு ஷிஃப்ட் முடிந்து
கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி
என் முகத்தைப் பார்க்கிறாள்.
பார்த்துவிட்டு அரிசி களையப் போகிறாள்.
கேட்டிருந்தால் கத்தியிருப்பேன்.
கேட்காததால்
வெங்காயத்தைத் தூளாகும்வரை நறுக்குகிறேன்.

இயந்திரத்தின் முன்னால் பரவாயில்லை.
மூடியைத் தூக்கு, தாளைக் குப்புறப் போடு, அழுத்து.
ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு
வெளிச்சம் நடந்து போகிற அந்த நான்கு நொடி
நான் தாளுக்காக மட்டும் காத்திருக்கிறேன்.
அது வந்துவிடுகிறது.
ஒவ்வொரு தடவையும் வந்துவிடுகிறது,
சூடாக.

மதியம், மழை பிடிப்பதற்கு முன்னால்
ஒரு பையன். தைப்பிங்காம்.
சட்டைப்பையில் இன்னும் பஸ் டிக்கெட்.
சேர்க்கைக் கடிதம், மூன்று நகல்.
குப்புறப் போடுமுன் கண்ணில் பட்டுவிட்டது:
மருந்தியல்.
நான் கேட்ட துறை. நான் கேட்ட வருடம்.

'அக்கா, இங்கதான் படிக்கிறீங்களா?'
'இன்னும் சொல்லல' என்றேன்.
மீதி வாக்கியம் வரும் என்று
கொஞ்ச நேரம் நின்றான்.
அவனுக்கும் அட்டை இன்னும் வரவில்லை.
பதினைந்து காசு போதும் என்றேன்.

போன பிறகு பார்க்கிறேன்,
தட்டில் இன்னொன்று.
நான்கு அழுத்தியிருக்கிறேன்.

இன்னும் ஆறவில்லை.
அவன் பெயரைக் கட்டைவிரலால் மறைத்தேன்.
சரியாக விரல் அகலம்தான்.
விரலை எடுத்தேன்.

ஊய் அங்கிள் சாப்பிட்டு வருவதற்குள்
நான்காகக் கிழித்து
வெள்ளைப் பக்கம் மேலே தெரிய
சீட்டுக்கட்டில் செருகி
முதல் சீட்டில் எழுதினேன்:
ஏ4 தாள், ஐந்து கட்டு. நாளைக்குள்.

டப்பா அதிர்கிறது.
மழையும் வந்துவிட்டது.
வெளியே நிற்கிற பலகையை
முதலில் உள்ளே இழுக்க வேண்டும்.