நெளிந்த தட்டு

ஊத்தான் மெலிந்தாங் சாலையில்
மூன்றாவது பாலம் தாண்டியதும்
பின்பக்க இடது சக்கரம்
தப் தப்பென்று பேச ஆரம்பித்தது.
அதுவரை காடிக்குள் யாரும் பேசவில்லை.

அக்கா ஓரங்கட்டினாள்.
இரண்டு பக்கமும் செம்பனை.
மணி ஆறே முக்கால். ஏழரைக்கு மண்டபத்தில்
மீனலோசனி மகளின் கல்யாண விருந்து.

அம்மா வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர்
என்று தொடங்கியது.
மூன்று வருடம், நான்கு மாதம்.
என் காடி பட்டறையில் கிடக்கிறது,
அதனால்தான் இவள் காடியில் ஏறினேன்.
ஹார்ன் அடித்தாள், வந்து உட்கார்ந்தேன்,
அவ்வளவுதான்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள்.
முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு
பின்பெட்டியைத் திறந்தாள்.
நான் நேராக ஜாக்கைத் தூக்கினேன்.
"மொதல்ல நட்டு."
தரையில் கால் ஊன்றி நிற்கும்போதே
இளக்கிவிட வேண்டுமாம்,
அந்தரத்தில் தொங்கினால் சக்கரமும் கூடவே சுற்றுமாம்.
இதை அவள் சொல்லவில்லை.
ஸ்பேனரை நீட்டிய விதத்தில் புரிந்துகொண்டேன்.

மூன்று இளகியது.
நான்காவது,
எவனோ காற்றுத் துப்பாக்கியால் அறைந்து இறுக்கியது,
அசையவில்லை.
கம்பிமேல் அவள் ஏறி நின்றாள். ம்ஹூம்.
செருப்பைக் கழற்றிவிட்டு நானும் ஏறினேன்.
ஒரு சாண் இரும்பில் இரண்டு பட்டுச்சேலை.
விழாமலிருக்க
அவள் காடியின் கூரையைப் பிடித்தாள்,
நான் அவள் தோளை.
க்ரீச்.
இறங்கியதும் கையை எடுத்துக்கொண்டேன்.

மோட்டாரில் போன பையன் வேகம் குறைத்து
"நாக் தோலோங், காக்?" என்றான்.
"தாக் பாயா!"
இருவரும் ஒரே மூச்சில்.
அவன் பயந்து போயே விட்டான்.

நேற்றைய மழையில் ஊறிய செம்மண்.
ஜாக் ஏற ஏறக் காடி ஏறவில்லை,
ஜாக்தான் இறங்கியது.
பலகை இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தாள்.
பிறகு பின்சீட்டிலிருந்து
மினுமினுப்புத் தாளில் சுற்றிய என் அன்பளிப்பை எடுத்து
ஒரே கிழி.
தெலுக் இந்தானில் எண்பத்தொன்பது வெள்ளி கொடுத்து வாங்கிய
கனமான எவர்சில்வர் தட்டு.
"அது என்னோடது" என்றேன்.
"தெரியும்" என்றாள்.
தட்டு சேற்றில் போனது, அதன்மேல் ஜாக்.
டொங் என்று நடுவில் நெளிந்தது.
காடி எழுந்தது.

கழற்றிய டயரில் குத்தியிருந்தது
பனைக்குலை லோரியிலிருந்து விழுந்த போல்ட்.
எந்த லோரி என்றுகூட என்னால் சொல்ல முடியும்,
ஆலையின் எடைமேடையில்
அவற்றைத் தினமும் நிறுப்பது நான்தான்.
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் மாற்று டயரை உருட்டிக்கொண்டிருந்தாள்.
துளைக்கு நேராகப் பிடித்துக்கொடுத்தேன்.
"கொஞ்சம் மேல."
"போதுமா?"
"ம்."
எதிரெதிராக இறுக்கினாள்,
ஒன்று இங்கே, அடுத்தது அதற்கு நேர் எதிரே.
பக்கத்துப் பக்கத்தில் இறுக்கினால் கோணிக்கொள்ளுமாம்.

மண்டபத்துக் குழாயில்
சவர்க்காரம் போட்டும் போகாத கருப்பு,
என் நகத்திலும் அவள் நகத்திலும்.
வாசல் கடையில் உறை வாங்கி
தன் நூறு வெள்ளியை மடித்து வைத்தாள்.
முதுகு கொடு என்று சைகை காட்டி
என் முதுகில் வைத்தே எழுதினாள்.
பேனா அழுத்தியதில்
என்ன எழுத்து என்று தெரியவில்லை.
கொடுக்கும்போதுதான் பார்த்தேன்:
தேன்மொழி, குமுதவல்லி.
கீழே சாமிக்கண்ணு என்று
அப்பா பெயர் ஒரே ஒரு தடவை,
இரண்டு பேருக்கும் சேர்த்து.

மறுநாள் போனில் ஒரு செய்தி,
மூன்று வருடத்தில் முதலாவது:
உன் பங்கு அம்பது வெள்ளி.
அனுப்பிவிட்டேன்.
தட்டு இன்னும் அவள் பின்பெட்டியில்
பஞ்சரான டயருக்கு அடியில் கிடக்கிறது.
அவள் தரவில்லை,
நானும் கேட்கவில்லை.