மூன்று சக்கரம், ஒரு செங்கல்

நான்கு சக்கர வாகனம் உள்ளதா
என்கிறது திரை.
அமலோற்பவம் யோசிக்கிறாள்.
காசிமேட்டில் மீன் வறுக்கும் தள்ளுவண்டிக்கு
நாலு இருந்தது.
டிசம்பர் மழையில் ஒன்று போனது.
இப்போது மூன்று, ஒரு செங்கல்.
"இதுக்கு என்ன போடுவ தம்பி?"

இல்லை என்று தட்டுகிறேன்.
வண்டி வேறு, வாகனம் வேறு என்று
ஏதாவது அரசாணையில் இருக்கும்.

ஆண்டு வருமானம்.
வஞ்சிரம் கிடைத்த நாள், கிடைக்காத நாள்,
தடைக்காலம், எண்ணெய் விலை,
காசு கொடுக்காமல் ஏட்டையா தின்ற சங்கரா
என்று சொல்லிக்கொண்டே போகிறாள்.
பெட்டியில் எண் மட்டும்தான் ஏறும்.

பாஸ்புக்கைப் பிரிக்கிறாள்.
பிளாஸ்டிக் உறைக்குள்ளும் மீன் வாசம்.
போன ஜூனில் ஒரு வரி:
வரவு எழுபத்தெட்டாயிரம்.
மகளிர் குழுக் கடன், பதினான்கு பேருடையது.
தலைவி என்பதால் இவள் கணக்குக்கு வந்து
பதினோரு நாள் படுத்திருந்துவிட்டுப் போனது.
"விருந்தாளி மாதிரி வந்துச்சு.
ஒரு டீ கூட வாங்கித் தரல எனக்கு."

அந்த வரியைப் பார்த்துத்தான்
விதவை உதவித்தொகையை நிறுத்தினார்கள்.
கள ஆய்வுக்கு வந்தவரின் குறிப்பு
பச்சை மையில், இரண்டே சொல்:
வசதி உள்ளவர்.
இன்னொரு தடவை படி என்றாள்.
படித்தேன்.
பக்கத்து டோக்கன்காரர் திரும்பிப் பார்க்கும்படி
சிரித்தாள்.

எனக்கு இந்த இ-சேவை மையத்தில் ஒன்பதாயிரம்.
முதலாளி கணக்கில் நான் பன்னிரண்டு.
கைக்கு வராத அந்த மூவாயிரம்
என் மனைவியின் மனுவைத் தள்ளுபடி செய்தது.
இதை அமலோற்பவத்திடம் சொல்லவில்லை.

அவள் குரலைத் தாழ்த்துகிறாள்.
உளுந்து டப்பாவுக்குள் நாலாயிரத்து முந்நூறு.
மகனுக்குக்கூடத் தெரியாது.
ஆஸ்பத்திரி என்று வந்தால் ஆட்டோவுக்கு.
"அதையும் எழுதணுமா?"
எதை, என்று கேட்டேன்.
புரிந்துகொண்டாள்.

ஓடிபி மகனின் நம்பருக்குப் போகிறது.
மகன் கடலில்.
சிக்னல் இல்லாத தூரத்தில்
ஆறு இலக்கம் அவனைத் தேடுகிறது.
திரையில் பத்து நிமிடம் வடிந்து
முதல் பக்கம் திரும்ப வந்தது.
வியாழக்கிழமை கரைக்கு வருவானாம்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து
அறுபது ரூபாய், பத்துப் பத்தாக.
வேண்டாம் என்றால்
கல்லாவில் கணக்கு உதைக்கும்;
வாங்கிக்கொண்டேன்.
படியிறங்கியவள் திரும்பிக் கேட்டாள்:
"இந்த அறுபத
வருமானத்துல கழிச்சிப்பாங்களா?"

அதற்குப் பெட்டி இருக்கிறதா என்று
நான் நிஜமாகவே தேடிப் பார்த்தேன்.