மீ மந்த எக்கட

மங்கோலியாவுக்குப் போவதாகத்தான் பேச்சு.
வெள்ளைக் கம்பளி வீடு, குதிரைப்பால்,
அடிவானம் வரைக்கும் யாருமில்லாத புல் என்று
ஜெபக்கனி கேண்டீனில் கைபேசியைத் தூக்கிக் காட்டுவாள்.
சாம்பார் சாதம் ஆறும்.
சீட்டுப் பணம் கைக்கு வந்தபோது கணக்குப் பார்த்தோம்;
அது பள்ளிப்பட்டு வரைக்கும் வந்தது.

சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து
இரண்டு ஸ்கூட்டியில் நாலு பேர்.
வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தோம்.
திருத்தணி தாண்டியதும் மலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.
கொசஸ்தலையில் தண்ணீர் இல்லை,
தண்ணீர் போன வழி மட்டும் இருந்தது.
கைபேசி ஆந்திரத்துக்கு நல்வரவு என்றது,
கொஞ்சம் நகர்ந்தால் தமிழ்நாட்டுக்கு.
தமயந்தி முன்னும் பின்னும் நடந்து
இரண்டு அரசாங்கத்தையும் அலைக்கழித்தாள்.

கடலை பிடுங்கிய கொல்லையில் கிடை போட்டிருந்தார்கள்.
நீல வலைக்குள் முந்நூறு செம்மறி,
நெட்டைக்கால் நெல்லூர் ஆடுகள்,
இருட்டுவதற்குள் ஒரே உடம்பாகியிருந்தன.
கொல்லைக்காரர் தருவது ராத்திரிக்கு எழுநூறு, இரண்டு படி அரிசி.
ஆடு தருவது புழுக்கையும் மூத்திரமும்.
படுத்துக்கொள்வதுதான் அதற்கு வேலை.

பத்தடி தள்ளி எங்கள் கூடாரம்.
மாதத் தவணையில் வாங்கியது, ஆரஞ்சு நிறம்.
நாலு பேருக்கு என்று உறையில் போட்டிருந்தது,
எந்த ஊர் நாலு பேரோ.
மெஹ்ராஜ் குறிப்புத்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை
ஓபுளம்மாதான் கவனித்தாள்.
அவளுக்கு எழுத்து தெரியாது. படம் தெரியும்.
கல்லெடுத்து வந்து முளைகளை அவளே அடித்தாள்.
பிறகு சுற்றிலும் பார்த்தாள்.
ஸ்கூட்டிக்குப் பின்னால் பார்த்தாள்.
ஆற்று மேட்டைப் பார்த்தாள்.

'மீ மந்த எக்கட?'

உங்கள் மந்தை எங்கே.
இல்லை என்றோம்.
நோய் கொண்டுபோச்சா? இதைத் தமிழில் கேட்டாள்.
இல்லை.
வித்தாச்சா?
இருந்ததே இல்லம்மா, சும்மா வெளியில படுத்துப் பாக்க வந்தோம்.
அவள் புருஷனிடம் வேகமாக ஏதோ சொன்னாள்.
நரசப்பா பீடியை இறக்கி எங்களைப் பார்த்தான்,
சாவு வீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல.
அன்றிரவு ராகிச் சங்கட்டியில் எங்களுக்கும் பங்கு,
புளிச்சக்கீரைத் துவையலோடு.
காரம் கண்ணுக்கு ஏறியது;
நாங்கள் அழுவதாகவே அவர்கள் நம்பினார்கள்.

நகரிப் பக்கம் மின்னிக்கொண்டே இருந்து
ஒன்றரைக்கு இறங்கியது மழை.
எங்கள் கூடாரம் நின்றது, அவள் அடித்த முளை.
அவர்களுடைய தார்ப்பாய் பறந்துபோய்
வேலிக்காத்தானில் மாட்டிக்கொண்டு அடித்தது.
வெளியே யாரோ ஜிப்பைத் தேடினார்கள்,
இதென்ன வாசல் என்று தெலுங்கில் திட்டிக்கொண்டு.
திறந்தேன். முகம் வரவில்லை,
இரண்டு கை வந்தது.
கையில் சூடாக, வழுவழுவென்று, கொடி தொங்க ஒன்று.
'பட்டுக்கோ.'

நாளைக்கு நானூறு பிரேக் ட்ரம்மைத் தடவிக்
கீறல் தேடும் விரல் என்னுடையது.
இதில் என்ன தேடுவது?
என் துப்பட்டாவில் துடைத்தோம்.
மெஹ்ராஜ் மூக்கில் ஊதினாள்.
நாலு பேருக்கே இடமில்லாத இடத்தில்
ஐந்தாவது, எழுந்து நின்று, விழுந்து,
ஜெபக்கனி கழுத்தில் பால் தேடியது.
அவள் மங்கோலியாவைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

விடிந்ததும் வலையை ஒரு பக்கம் திறந்து
ஒவ்வொன்றாக விட்டு எண்ணினாள் ஓபுளம்மா.
சத்தம் இல்லை. முதுகைத் தொட்டுத் தொட்டு
உதடு மட்டும் அசைந்தது.
சேறும் கலைந்த தலையுமாக
நாங்கள் குட்டியோடு வெளியே வந்தோம்.
அவள் கை நிற்கவில்லை.
மெஹ்ராஜ் தோளில், ஜெபக்கனி தலையில்,
தமயந்தி, நான்,
குட்டியில் முடிந்தது.

கூடாரம் திரும்ப உறைக்குள் போகவில்லை.
பாதி வெளியே தொங்க, கட்டிக்கொண்டு வந்தோம்.

திங்கட்கிழமை அம்பத்தூரில்
வருகைப்பதிவு இயந்திரம் என் கட்டைவிரலை
மூன்று முறை மறுத்தது.
சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாம்மா, என்றார் செக்யூரிட்டி.
கழுவியிருந்தேன்.
பின்னால் நீலச்சட்டை வரிசை நெரிந்தது.
ஜெபக்கனி என் முதுகைத் தொட்டாள்.
அது எண்ணுவதா, தள்ளுவதா,
தெரியவில்லை.