முக்கால் மலை

நாலே முக்கால் பஸ்ஸுக்குக் காந்திபுரத்தில் நிற்கையில்
என் முழங்கால்களுக்கு வயது நாற்பத்தேழு.

செக்போஸ்டில் ஒரு தாளை நீட்டினார்கள்.
யானையோ, வழுக்கலோ, மாரடைப்போ,
எதற்கும் இலாகா பொறுப்பில்லை.
பதினோரு பேரில் படித்துவிட்டுக் கையெழுத்திட்டவள்
நான் ஒருத்திதான்.
வார்ப்படப் பட்டறையில் பத்தொன்பது வருசமாய் இன்ஸ்பெக்சன்.
பார்க்காமல் எதையும் பாஸ் பண்ணியதில்லை.

கார்டு பாட்டில்களை எண்ணினார்,
ஒன்றுக்கு இருபது ரூபாய் முன்பணம்.
மருதி எங்கள் கால்களை எண்ணினாள்.
"இருபத்திரண்டு. எறங்கும்போதும்
இருபத்திரண்டு இருக்கோணுமுங் சம்பூரணக்கா."
சிரிக்காமல்தான் சொன்னாள்.

முதல் ஒரு மணி நேரம் மூங்கில்.
கிரீஸ் வைக்காத பேரிங் மாதிரி
காற்றில்லாமலே கத்துகிற மூங்கில்.

அடுத்த மணி நேரத்தில்
காடு என்பது முன்னால் போகிறவரின் குதிகால்.
சாயிபாபா காலனிப் பல் டாக்டரின் குதிகாலை
இனி எந்தக் கூட்டத்திலும் அடையாளம் சொல்லிவிடுவேன்.
வேரென்று மிதித்தால் பாசி,
பாசிக்குப் பயந்து தாண்டினால் முள்.
ரவிக்கை முதுகோடு ஒட்டி
உடம்பே ஓர் உப்புப் பொட்டலம்;
அப்படியும் ஏறிவிட்டது அட்டை,
கணுக்காலில், கேட்காமல், வலிக்காமல்.

ஒரு திருப்பத்தில் உருண்டை உருண்டையாய்ச் சாணம்.
மருதி குனிந்து புறங்கையை மேலே பிடித்துப் பார்த்தாள்,
காய்ச்சல்காரக் குழந்தைக்குப் பார்ப்பதுபோல.
"பெருசு இப்பத்தான் போயிருக்குதுங்."
சரவணம்பட்டியில் செண்டு என்ன விலை என்கிற பேச்சு
அங்கே நின்றது.
இன்னமும் அங்கேயேதான் கிடக்கும்.

பிறகு அந்த ஏற்றம்.
ஏற்றமென்றால் சுவர்.
சுவரின் பாதியில் இடது முழங்கால்
உள்ளே ஏதோ கல் நகர்ந்ததுபோல் ஒரு சத்தம் போட்டது.

காற்றுக்குமிழ் விழுந்த வார்ப்புக்கு
சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போடுவேன்.
பாறையில் உட்கார்ந்து
என் காலுக்கும் ஒன்று போட்டேன், விரலால்.
"நீங்க போங்க."
போனார்கள். கொஞ்சம் சீக்கிரமாகவே போனார்கள்.

துணைக்குச் சடையனை விட்டுப் போனாள் மருதி.
அவன் இருபதடி தள்ளி
எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்,
காதை மட்டும் காட்டுக்குக் கொடுத்து.

எதுவும் நடக்கவில்லை.
ஓர் இலை மட்டும் ஆடியது, பக்கத்து இலை ஆடாமல்.
மலை அணில் ஒன்று என்னைப் பார்த்துவிட்டு
வேறு வேலைக்குப் போனது.
என் மூச்சு என்னிடம் திரும்பி வர
வெகுநேரம் எடுத்துக்கொண்டது.

அப்போதுதான் சங்கு ஊதியது.

எழுந்து நின்றுவிட்டேன்.
கையை முந்தானையில் துடைத்து,
கழுத்தில் அடையாள அட்டையைத் தேடினேன்.
செத்ததாய் நான் எழுதி வைத்த கால்
எனக்கு முந்தி எழுந்திருந்தது.

சடையன் அன்றைக்கு முதல்முறையாகத் திரும்பினான்.
"கடமானுங்க அக்கா."
மறுபடி ஊதியது, பள்ளத்திலிருந்து, ஒற்றையாய்.
"பெருசைப் பாத்திருக்கும்."

எழுந்தது எழுந்தாயிற்று.
அப்படியே நடந்தேன், நாற்பத்து மூன்று அடி,
இரண்டு மரங்களுக்கு நடுவே மலை கொஞ்சம் விலகுகிற இடம் வரை.
கீழே கோயமுத்தூர்.
உக்கடம் குளம் வெட்டிப்போட்ட தகரத் துண்டாய்.
அவிநாசி ரோட்டுப் பக்கம் எங்கள் பட்டறைப் புகையைத் தேடினேன்.
புகையே இல்லை.
ஞாயிற்றுக்கிழமை என்பது
அதற்கப்புறம்தான் உறைத்தது.

உச்சியில் என்ன இருந்தது என்று டாக்டர் போட்டோ காட்டினார்.
புல், பாறை, பத்துப் பேர்.
இறங்குகையில் கால்கள் சரியாக இருபத்திரண்டு.
பாட்டில் ஒன்று குறைந்தது, என்னுடையது.
இருபது ரூபாய் போனது.

திங்கட்கிழமை.
கணுக்காலில் அட்டை வைத்த புள்ளி அரிக்கிறது.
வெர்னியரை ஒரு கையில் பிடித்து
மறுகையால் சொறிகிறேன்.
சங்கு ஊதுகிறது.
எல்லோரும் எழுந்தாயிற்று.
நான் ஒரு கணம் உட்கார்ந்தே இருக்கிறேன்,
எதுவென்று கேட்டுவிட்டு
எழுந்துகொள்ளலாமென்று.